கே.எம்.எஸ். போட்டும் ஸ்குவாஷ் கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புளியங்குடி மண்டியில் எலுமிச்சை விலை இறங்கிவிட்டால் சங்கரன்கோவில், கடையம், அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் ஸ்குவாஷ் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புப் பழச்சாறு) போடும் வேலை தொடங்கிவிடும். மகளிர் குழுக்கள், வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள், தோட்டக்காரர்கள் என்று பலரும் போடுகிறார்கள். பாட்டில் நிரப்பி ஒன்றிரண்டு வாரத்தில் எனக்கு போன் வரும். "அக்கா, பாட்டில் பொங்குது. இன்னும் ஒரு ஸ்பூன் பவுடர் போட்டா நின்னுருமா?"

நிற்காது. பொங்க ஆரம்பித்த சாற்றில் எவ்வளவு பவுடர் (சாறு கெடாமல் காக்கப் போடும் கே.எம்.எஸ்., அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) போட்டாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது, நெடிதான் கூடும். திரும்பத் திரும்ப இதே கோளாறுகளைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: பவுடர் குறைவு என்பதால் கெடும் பாட்டில்களைவிட, புளிப்பு குறைவாலும், சூட்டில் போட்டதாலும், பழைய பவுடராலும் கெடும் பாட்டில்களே அதிகம். நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளில் திராட்சைச் சாற்றுக்குப் போடுவதும் இதே பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்தான். அங்கே பவுடரை நிறுக்கும் முன்பே பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பார்த்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் நம் ஊர்க் குழுக்களுக்கும் வர வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை நாலு: 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு (0.01 காட்டினால் இன்னும் நல்லது), 2 முதல் 4.5 வரை காட்டும் பி.எச். தாள், இனிப்பு பார்க்கும் பிரிக்ஸ் கருவி, வாங்கிய தேதி எழுதிய பவுடர் டப்பா. இவை இல்லாமல் கீழே உள்ள சோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது.

மனதில் வைக்க ஓர் அளவு: ஸ்குவாஷில் சல்பர் டை ஆக்சைடு (பவுடரிலிருந்து வெளிவந்து சாற்றைக் காக்கும் வாயு) 350 பிபிஎம்-க்கு, அதாவது கிலோவுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல பவுடரில் எடையில் சுமார் 57 சதவீதம் சல்பர் டை ஆக்சைடாக வெளிவரும். ஆகவே 1 கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் பவுடர். அதுதான் உச்சம். கணக்கை எப்போதும் எடையில் போடுங்கள். 1 கிலோ சாறு, 2 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணீர் என்று போட்டால் கிடைப்பது 4 கிலோ, அதற்கு 2.4 கிராம்.


அறிகுறி 1: பாட்டில் உப்புகிறது, திறந்தால் பொங்குகிறது

முதலில் பாதுகாப்பு. கண்ணாடி பாட்டில் என்றால் தடித்த துணியால் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையத் திறவுங்கள். அழுத்தம் ஏறிய கண்ணாடி வெடிக்கும். அதே நாளில் போட்ட மற்ற பாட்டில்களையும் உடனே ஒதுக்கி, வாளிக்குள் நிறுத்தி வையுங்கள். பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டாம்.

*உண்மையிலேயே நொதிக்கிறதா?*

கொஞ்சம் சாற்றைச் சின்ன பாட்டிலில் ஊற்றி வாயில் பலூனை மாட்டி, சமையலறையில் ஒரு நாள் வையுங்கள். பலூன் எழும்பினால் நொதிக்கிறது. எழும்பவில்லை, நாக்கில் சுருக்கென்ற கூச்சமும் இல்லை என்றால், நிரப்பும்போது அடித்த நுரைதான். அதை அப்படியே விட்டுவிடலாம்.

நொதிக்கிறது என்றால் அந்த பாட்டிலைக் கொட்டத்தான் வேண்டும். காய்ச்சி மறுபடி நிரப்பினால் என்ன என்று கேட்பார்கள். ருசி போயிருக்கும். அதோடு, நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு சல்பர் டை ஆக்சைடைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். புதிதாகப் போடும் பவுடரும் வீணாகும். "ஒயின் மாதிரி ஆயிருச்சே, குடிக்கலாமா?" என்ற கேள்வியும் வரும். எந்த நுண்ணுயிர் வளர்ந்தது என்று தெரியாத திரவம் அது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றமும்கூட. கொட்டுங்கள்.

இனி அடுத்த தடவை கெடாமலிருக்க, காசு செலவாகாத காரணத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

*பவுடரை எப்போது போட்டீர்கள்?* பாகு சூடாக இருக்கும்போதே போட்டிருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. சூட்டில் வாயு கிளம்பிப் போய்விடும். அடுப்படியில் மூக்கைத் துளைத்த நெடிதான் பாட்டிலுக்குள் இருந்திருக்க வேண்டிய காவல். பாகு முழுதாக ஆறி, சாறு கலந்து, வடிகட்டிய பிறகு, கடைசியாக அரைத் தம்ளர் சாற்றில் பவுடரைக் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கலக்கியதும் நிரப்புங்கள். இரவு முழுக்கத் திறந்த அண்டாவில் வைத்துக் காலையில் நிரப்புகிறவர்களுக்கும் இதே கோளாறு வரும்.

*எதில் அளந்தீர்கள்?* ஸ்பூனில் என்றால், ஒரு டீஸ்பூன் 5 முதல் 6 கிராம் வரை பிடிக்கும். தட்டி எடுத்தால் ஒன்று, குவித்தால் ஒன்று. 4 கிலோவுக்கு வேண்டியது 2.4 கிராம் என்னும்போது ஸ்பூன் எதற்கும் உதவாது. தராசு வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு பெரிய விலை இல்லை.

*பவுடருக்கு என்ன வயது?* ஒரு சிட்டிகையை ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் போட்டு, கையால் விசிறி நெடியை முகர்ந்து பாருங்கள். மூக்கை நேராகக் கொண்டுபோகாதீர்கள். உடனே சுள்ளென்று ஏறினால் பவுடர் உயிரோடு இருக்கிறது. தேடிப் பிடிக்கிற மாதிரி லேசாக இருந்தாலோ, டப்பாவில் கட்டி கட்டியாக இறுகியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்து மூடிய டப்பா சீக்கிரம் வலுவிழக்கும். பாலித்தீன் பொட்டலத்தில் அரைக் கிலோ வாங்கி வைப்பதைவிட, 50 கிராமாக வாங்கி இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் வைப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு தடவை புதிதாக வாங்குங்கள்.

*பாட்டில் எப்படிக் கழுவினீர்கள்?* கண்ணாடி பாட்டிலைத் தண்ணீரில் போட்டு 20 நிமிடமாவது கொதிக்கவிட்டு, கவிழ்த்து, ஈரம் இல்லாமல் காய வைக்க வேண்டும். மூடியையும் சேர்த்துத்தான். பாட்டிலைப் பார்த்துப் பார்த்துக் கழுவிவிட்டு, மூடியைத் தண்ணீர்க் குழாயில் காட்டிவிட்டு மாட்டுகிறவர்கள் நிறைய.

*பி.எச். என்ன?* இதுதான் ஆட்கள் பார்க்காமல் விடுவது. எலுமிச்சை ஸ்குவாஷ் 2.5 பக்கத்தில் இருக்கும், கவலை இல்லை. மாம்பழம், சப்போட்டா, பப்பாளி 4-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். பி.எச். 3-ல், கட்டுப்படாமல் இருக்கும் சல்பர் டை ஆக்சைடில் நூற்றுக்கு 6 பங்கு நுண்ணுயிரைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 3.5-ல் அது 2 பங்கு. 4-ல் ஒரு பங்குகூட இல்லை. அதாவது எலுமிச்சையில் காவல் காத்த அதே 0.6 கிராம், மாம்பழத்தில் இருந்தும் இல்லாதது போலத்தான். பி.எச். 3.5-க்கு மேல் காட்டினால் சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து இறக்குங்கள். மாம்பழ ஸ்குவாஷுக்கு மொத்த எடையில் 1 சதவீதம் வரை சிட்ரிக் அமிலம் தேவைப்படலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தாளில் பாருங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். உப்புத்தண்ணீர் போரில் எடுத்த தண்ணீர் கார்பனேட் மிகுந்ததாக இருந்தால் புளிப்பைத் தின்றுவிடும். தாமிரபரணித் தண்ணீரில் சரியாக வந்த அளவு, வானம் பார்த்த பூமியில் போர்த் தண்ணீரில் சரியாக வரவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

*இனிப்பு எவ்வளவு?* ஸ்குவாஷுக்கு 40 பிரிக்ஸாவது (நூறு கிராமில் சுமார் 40 கிராம் சர்க்கரை) வேண்டும். சர்க்கரை விலை ஏறினால் கை தானாகக் குறைக்கும். 35-க்கு வந்துவிட்டால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். நன்னாரி சர்பத் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நன்னாரியில் புளிப்பு கிடையாது. அதில் கே.எம்.எஸ். போட்டு நம்பி உட்காராதீர்கள். பாகை 65 பிரிக்ஸுக்கு மேல் ஏற்றினால் சர்க்கரையே காக்கும். நீர்க்கச் செய்ய வேண்டுமென்றால் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தாக வேண்டும்.

பதநீருக்குப் போடலாமா என்று உடன்குடி, திசையன்விளைப் பக்கமிருந்து கேட்பார்கள். வேண்டாம். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு பதநீரைக் காரமாக்கித்தான் நொதிக்காமல் வைக்கிறது. கே.எம்.எஸ்.-க்கு வேண்டியது புளிப்பு. இரண்டும் எதிரெதிர் வழி. சேர்த்தால் பவுடர் வேலையே செய்யாது.

*பழம் எப்படி இருந்தது?* அடிபட்டு, வெடித்து, மண்டியில் ரெண்டு நாள் குவியலில் கிடந்த பழம் என்றால் பிழியும்போதே சாற்றில் ஈஸ்ட் படை திரண்டிருக்கும். விலை மலிவு என்று அந்தக் குவியலை வாங்காதீர்கள். இதில் மிச்சம் பிடிக்கும் காசு பாட்டிலோடு போகும்.

*எல்லாம் சரி, ஆனாலும் பொங்குகிறது.* மூன்று தனித்தனிக் கொதிப்புகளில் (ஒரே தடவையில் போடும் சரக்கு ஒரு கொதிப்பு) தொடர்ந்து இப்படி வந்தால் இடத்திலேயே எதிர்ப்புச் சக்தி உள்ள ஈஸ்ட் குடியேறியிருக்கலாம். சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்ற வகை இனிப்பையும் புளிப்பையும் பாதுகாப்புப் பொருள்களையும் தாங்கி வளரும். வடிகட்டும் துணி, பிளாஸ்டிக் குழாய், நிரப்பும் இயந்திரத்தின் ரப்பர் வளையம் ஆகியவைதான் அதன் வீடு. துணியையும் குழாயையும் ரப்பரையும் புதிதாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் இது உங்கள் கை வேலை இல்லை. உணவுப் பதப்படுத்தும் துறை ஆளை இடத்துக்கே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.


அறிகுறி 2: திறந்தால் தீக்குச்சி எரிந்த நெடி

ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு முகர்ந்து, குடித்துப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

*நெடி போய்விட்டது:* கோளாறு இல்லை. மூடிக்கும் சாற்றுக்கும் இடையில் தங்கிய வாயுதான் முதலில் அடித்தது.

*இன்னும் இருக்கிறது, தொண்டை கரகரக்கிறது:* அளவு மிஞ்சியிருக்கிறது. ஸ்பூன் அளவு முதல் சந்தேகம். அடுத்தது, நல்ல தொழில்காரர்களுக்கே நடப்பது: இரட்டைக் கணக்கு. விலை மலிந்தபோது சாற்றைப் பிழிந்து கே.எம்.எஸ். போட்டுக் கேனில் வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதை எடுத்து ஸ்குவாஷ் போடும்போது, மறுபடி முழு அளவு பவுடர் போடுவார்கள். கேனில் போட்டதைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, 1 கிலோ சாற்றில் ஏற்கெனவே 1 கிராம் போட்டிருக்கிறீர்கள். அதை வைத்து 4 கிலோ ஸ்குவாஷ் செய்கிறீர்கள். உச்சம் 2.4 கிராம். இப்போது போடலாம் என்பது 1.4 கிராம் மட்டும். கேனில் இருந்தபோது கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும்தான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் போனதாகக் கணக்கு வைக்காதீர்கள். கேனின் மேல் போட்ட தேதியும் பவுடர் அளவும் ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

மிஞ்சிய அளவைக் குறைக்க நல்ல வழி ஒன்றுதான்: பவுடரே போடாமல் அதே ஸ்குவாஷை இன்னொரு பங்கு தயாரித்து, இரண்டையும் கலப்பது. எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்தால் கலக்கும் விகிதத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தெரியாது என்றால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி எண்ணை வாங்கிய பிறகுதான் கலக்க வேண்டும், விற்க வேண்டும். ஒயின் ஆலைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குறைப்பது உண்டு என்று படித்துவிட்டு யாராவது சொல்வார்கள். நீங்கள் செய்யாதீர்கள்.

*அழுகிய முட்டை நாற்றம்:* இது வேறு. ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டு வழியில் வரும்: உள்ளே நொதித்தல் தொடங்கியிருக்கும், அல்லது சாறு இரும்பையோ தகரத்தையோ தொட்டிருக்கும். பலூன் சோதனை செய்யுங்கள். பலூன் எழும்பினால் அறிகுறி 1. எழும்பாவிட்டால் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள்; கறுத்த வளையம், துரு, பூச்சு உரிந்த இடம் இருந்தால் மூடிதான் காரணம். கே.எம்.எஸ். போட்ட எதையும் தகர டின்னில் அடைக்கக் கூடாது. பழைய ஆட்கள் செம்புக் காசைப் போட்டு நாற்றத்தை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புளிப்புச் சாற்றில் செம்பு கரையும். அதைச் செய்து விற்பது தவறு.


அறிகுறி 3: நாவல், திராட்சை, மாதுளை ஸ்குவாஷ் வெளுத்துப்போகிறது

சோதனையே தேவையில்லாத அளவுக்கு இது தெளிவு. கருநீலம், சிவப்பு, ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனினை சல்பர் டை ஆக்சைடு வெளுக்கும். ஐயமிருந்தால் ஒரு ஸ்பூன் நாவல் சாற்றில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டுப் பாருங்கள். கண்ணெதிரே நிறம் இறங்கும். சிவப்பு ஒயினிலும் இது நடப்பதால்தான் ஒயின்காரர்கள் அளவைப் பிடித்துப் போடுகிறார்கள்.

போட்டுவிட்டீர்கள் என்றால், குடிக்கக் கெடுதி இல்லை; நிறம்தான் போச்சு. தண்ணீர் கலந்து வைத்தால் வாயு விலகக் கொஞ்சம் நிறம் திரும்பும். விற்கிற சரக்குக்கு அது போதாது. செயற்கை நிறம் சேர்த்து மூடி மறைக்காதீர்கள்.

அடுத்த தடவை நாவலுக்கும் கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கும் கே.எம்.எஸ்.-க்குப் பதில் சோடியம் பென்சோயேட் பயன்படுத்துங்கள். ஸ்குவாஷுக்கு பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டு 600 பிபிஎம் உச்சம். பவுடராக 1 கிலோவுக்கு 0.7 கிராம். அதுவும் புளிப்பில்தான் வேலை செய்யும், ஆகவே பி.எச். பார்ப்பது இங்கேயும் உண்டு. இரண்டையும் முழு அளவில் சேர்த்துப் போடக் கூடாது. "அப்போ எலுமிச்சைக்கும் பென்சோயேட்டே போட்டுரலாமே" என்றால், வேண்டாம்: வைட்டமின் சி உள்ள சாற்றில் பென்சோயேட் இருந்து, சூடும் வெளிச்சமும் படும்போது சிறிதளவு பென்சீன் உண்டாகக்கூடும். எலுமிச்சைக்கு கே.எம்.எஸ்.தான் சரி.


அறிகுறி 4: எலுமிச்சை ஸ்குவாஷ் பழுப்பேறுகிறது

போட்ட அன்று இளமஞ்சள். சித்திரை வெயில் தாண்டினால் தேநீர் நிறம். கெட்டுவிட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். பொங்கவில்லை, பூசணம் இல்லை, ருசி மாறவில்லை என்றால் இது நிறக் கோளாறு மட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு: பழுப்பைத் தடுக்கும் வேலையையும் சல்பர் டை ஆக்சைடே செய்கிறது. பழுப்பேறுகிறது என்றால் அது தீர்ந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். காவல் குறைந்த பாட்டில். சீக்கிரம் விற்கவோ குடிக்கவோ பாருங்கள்.

எங்கே அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில், வெயில் விழும் அலமாரியில் என்றால் அதுதான். கட்டிலுக்கடியில், ஓட்டு வீட்டின் இருட்டு அறையில் வைத்த பாட்டில் அதே கொதிப்பில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பாட்டிலில் எவ்வளவு காலி இடம் விட்டீர்கள்? கழுத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் காற்று இருக்கக் கூடாது. அடுத்து பாட்டிலின் பொருள். பிளாஸ்டிக் பெட் பாட்டிலின் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே போகும். ஒரு சீசனுக்குள் விற்றுத் தீர்வதற்கு அது போதும், வருடக்கணக்கில் வைக்கக் கண்ணாடிதான்.

இவை மூன்றும் சரியென்றால் ஏனத்தைப் பாருங்கள். இரும்புக் கத்தி, பித்தளை அண்டா, அலுமினியப் பிழியும் கருவி ஆகியவற்றிலிருந்து புளிப்பு உலோகத்தைக் கரைத்து இழுக்கும். இரும்பும் செம்பும் பழுப்பை வேகப்படுத்தும். எவர்சில்வரோ உணவுத்தரப் பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் செம்பழுப்பாக அடியில் படிகிறதா? இரும்பு உள்ள தண்ணீர். அதற்கு வடிகட்டி போடும் செலவைவிட, ஸ்குவாஷுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குவது மலிவு.


அறிகுறி 5: மேலே பூசணம் அல்லது வெள்ளைப் படலம்

பூசணத்தைக் கே.எம்.எஸ். நன்றாகவே அடக்கும். அதையும் மீறி வருகிறது என்றால் மேற்பரப்பில் காற்று இருக்கிறது, அங்கே வாயு இல்லை. மூடி இறுகவில்லையா? பாட்டிலைப் படுக்க வைத்துக் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் மூடியின் உள் அட்டையை மாற்றுங்கள். கசியவில்லை, திறந்து பாதி பயன்படுத்திய பாட்டில் என்றால் அது இயல்பு. திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லி லேபிளில் எழுதுங்கள். பூசணத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியைக் குடிப்பது வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான்.


அறிகுறி 6: கசப்பு, வண்டல்

இரண்டுக்கும் பவுடர் பொறுப்பில்லை. கசப்பு விதையிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிறது. பிழியும்போது நன்றாக இருந்து மறுநாள் கசந்தால் விதை நசுங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் குறையுங்கள், பிழிந்த உடனே வடிகட்டுங்கள். அடியில் சதை படிவது இயல்பு, குலுக்கினால் கலந்துவிடும். கலந்தபின் நூல் நூலாகவோ கொழகொழவென்றோ நின்றால் மட்டும் அறிகுறி 1-க்குப் போங்கள்.


அறிகுறி 7: குடித்தவருக்கு இருமல், நெஞ்சடைப்பு, மூச்சு இரைப்பு

இதில் சோதனை, காத்திருப்பு எதுவும் கிடையாது. சல்பைட் சிலருக்கு, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, சரியான அளவில் இருந்தாலும் சில நிமிடத்தில் மூச்சைப் பிடிக்கும். உடனே மருத்துவமனை, மூச்சு வாங்கினால் 108. பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், லேபிளை மருத்துவர் பார்க்கட்டும்.

லேபிளில் இருக்க வேண்டியது: பாதுகாப்புப் பொருள் ஐ.என்.எஸ். 224 (கே.எம்.எஸ்.-ஐக் குறிக்கும் எண்), மேலும் சல்பைட் உள்ளது என்ற ஒவ்வாமை எச்சரிக்கை. ஒரு கிலோவில் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் சல்பைட்டைக் குறிப்பிடுவது கட்டாயம். நம் ஸ்குவாஷ் எல்லாமே அதைத் தாண்டும். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறோம், லேபிள் எதற்கு என்று விடாதீர்கள். ஆஸ்துமா உள்ள சித்தியின் வீட்டுக்கும் அந்த பாட்டில்தான் போகிறது.

பவுடர் நிறுக்கிறவருக்கு இருமல் வந்தால் வெளிக்காற்றுக்கு வரச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். ஆஸ்துமா உள்ளவரை நிறுக்கும் வேலையில் உட்கார வைக்காதீர்கள். கதவைச் சாத்திய சின்ன அறையில் பவுடரையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்துக் கரைக்கவும் கூடாது. வாயு ஒரேயடியாகக் கிளம்பும்.


எப்போது வெளி ஆளிடம் போக வேண்டும்

மேலே சொன்னதில் மூன்று இடங்களில் உங்கள் தராசும் பி.எச். தாளும் போதாது: தொடர்ந்து மூன்று கொதிப்புகள் பொங்கும்போது, எவ்வளவு பவுடர் விழுந்தது என்று தெரியாத சரக்கைக் கையில் வைத்திருக்கும்போது, கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கும் முன்.

செய்முறைக் குறைகளுக்குக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியையோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்கலாம். அளவு தெரிய வேண்டுமென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அங்கீகாரம் பெற்ற கூடம் வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரியை எப்படிக் கொடுப்பது, கட்டணம் என்ன என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கூடத்தில் "மொத்த சல்பர் டை ஆக்சைடு, பி.எச்., பிரிக்ஸ்" என்று மூன்றையும் கேளுங்கள். சல்பர் டை ஆக்சைடைக் காய்ச்சி வடிக்கும் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். அயோடின் விட்டுப் பார்க்கும் விரைவு முறை எலுமிச்சையில் ஏமாற்றும். வைட்டமின் சி-யும் அயோடினைக் குடித்துவிடும் என்பதால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி அடுத்த கொதிப்பில் பவுடரைக் குறைத்தால் மறுபடி அறிகுறி 1-ல் வந்து நிற்பீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஒரே நாளில் போட்டதில் கெட்டது ஒன்று, கெடாதது ஒன்று, இரண்டும் திறக்காத பாட்டில்களாக, பயன்படுத்திய பவுடரில் ஒரு பொட்டலம், அரை லிட்டர் தண்ணீர், பழம், சர்க்கரை, சிட்ரிக், பவுடர் எடைகளும் தேதியும் எழுதிய தாள். பொங்கும் பாட்டிலைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஐஸ் போட்ட பெட்டியில், நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள்.